எனினும்

ஊரில் அவளுடைய குரலைக் கேட்காத காது கிடையாது. அவளுடைய முகம் தெரிந்தவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொற்று பரவத் தொடங்கிய புதிதில் அவள் வானொலி நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். காலையில் வானிலை, மாலையில் காய்கறி விலை. இரண்டையும் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டிய அன்றைக்குப் பார்த்து, அந்த வேலைக்கென்றே இருந்த மூத்த அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரகரத்த குரலில், நடுநடுவே இருமிக்கொண்டு, "பதற்றம் வேண்டாம்" என்று அவர் சொன்னதைக் கேட்ட அதிகாரிகளுக்கே பதற்றம் வந்துவிட்டது. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த இவளைக் கூப்பிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளினார்கள். "வீட்டிலேயே இருங்கள். முகக்கவசம் அணியுங்கள். வெளியாரை உள்ளே அனுமதிக்காதீர்கள். தள்ளி நில்லுங்கள்." தடங்கல் இல்லாமல் படித்துக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன டீயைத் தேடிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் அவள் குரல் அவளுக்கு முன்னால் போய் நின்றது. பேருந்தில் அது பேசியது. மருத்துவமனை வரிசையில் பேசியது. சந்தை வாசலில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் காக்கைகளை விரட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் யாருக்குப் போன் செய்தாலும் மணி அடிப்பதற்கு முன்னால் அவள் வந்து பேசிவிட்டுத்தான் போவாள். கொஞ்சுவதற்காகக் கூப்பிட்ட காதலர்களையும், சண்டை போடுவதற்காகக் கூப்பிட்ட பங்காளிகளையும் ஒரே மாதிரி தள்ளி நிற்கச் சொன்னாள்.

கடையில் தக்காளி விலை கேட்டால் போதும், முன்னால் நிற்பவர் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்துவிடுவார். கடைக்காரர் தாடையில் தொங்கும் முகக்கவசத்தை மூக்குக்கு இழுத்து விட்டுக்கொண்டு, அப்புறம்தான் விலை சொல்லுவார். பேருந்தில் ஒரு முறை, காலியாக இருந்த பக்கத்து இருக்கையைக் காட்டி, உட்காரலாமா என்று ஒரு பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டாள். 'தள்ளிநில் அக்கா' என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் நிலையத்தின் ஒலிப்பதிவாளர். பெயர் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரும் தன் பங்குக்கு விடவில்லை. வீட்டில் அவள் வாயைத் திறந்தால், காலையிலிருந்து எத்தனை பேருக்குப் போன் செய்தேனோ அத்தனை தடவை கேட்டாகிவிட்டது, புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லு என்பார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ள முடியாதது அவளுடைய அப்பா விஷயம்.

அம்மா போன பிறகு அப்பா நகரத்தின் மறுகோடியில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். அரசு அலுவலகத்தில் ஆணைகளைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவர். மகள் சொல்லி அவர் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னால் காது கேட்காத மாதிரி இருப்பார். சிகரெட்டை விடச் சொன்னால் ஒன்றைப் பற்ற வைப்பார். எங்களோடு வந்து இருங்கள் என்றால் "பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலாம்'-க்கு வயது பத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளுக்கு வானொலியில் வேலை கிடைத்தபோதுகூட ஒரு நாள் அவர் பெட்டியைத் திருகிக் கேட்டதில்லை. வீட்டில் கேட்டதே போதாதா என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த அறிவிப்புக்கு அப்படியே கட்டுப்பட்டார். வீட்டிலேயே இருங்கள் என்றது, இருந்தார். வெளியாரை அனுமதிக்காதீர்கள் என்றது. கதவைத் தாழ் போட்டார். சிகரெட் வாங்க வெளியே போக முடியாததால் சிகரெட்டும் தானாக நின்றுபோனது. இத்தனை வருடம் அவள் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை, அரை நிமிட ஒலிப்பதிவு நடத்திக் காட்டியது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் சில சமயம் அந்தக் குரல்மேல் அவளுக்கே கொஞ்சம் எரிச்சல் வரும்.

வாரா வாரம் அவள் காய்கறியும் மருந்தும் வாங்கிக்கொண்டு போவாள். அப்பா பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்குவார். அவள் சாமான்களை அதில் வைத்துவிட்டுத் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். தெருச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். அவர்தான் கூப்பிடுவார். கூப்பிட்டதும் காதில் அவள் குரல் அறிவிப்பைச் சொல்லத் தொடங்கும். எல்லோரும் ஒரு பொத்தானை அழுத்தி அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்பா அழுத்த மாட்டார். மகள் கீழே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, மேலே அவர் மகளின் அறிவிப்பை முதலிலிருந்து கடைசி வரை தலையாட்டிக்கொண்டே கேட்பார். அப்புறம் அவள் "அப்பா" என்பாள். "ம், சொல்லு" என்பார், ஏதோ அதுவரைக்கும் வேறு யாரோ முக்கியமானவரோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி.

இப்படியே ஓடியது காலம். பிறகு தடுப்பூசி வந்தது. அரசாங்க அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கவைத்து, அப்பாவுக்கு வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போனார்கள். மருத்துவமனைகளில் கூட்டம் குறைந்தது. ஒரு நாள் தளர்வு அறிவிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிலைய இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, பழைய அறிவிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போடப்போகிறோம், அதே குரல்தான் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது என்றார்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுகாதாரத் துறையின் டாக்டரம்மா. மாதக்கணக்கில் முகக்கவசம் போட்டுப் போட்டு அவர் மூக்கின்மேல் ஒரு தழும்பே விழுந்திருந்தது. இன்னொருவர் வணிகத் துறை அதிகாரி. அவருக்கு ஊரில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்த கவலை. இரண்டு பேர் கவலையும் நியாயமான கவலைதான். தொல்லையே அதில்தான் இருந்தது.

அறிவிப்பில் முதல் பாதி, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டுள்ளன, கடைகளும் பேருந்துகளும் வழக்கம்போல் இயங்கும், உற்றார் உறவினரைச் சந்திக்கலாம் என்றது. அடுத்த பாதி, முகக்கவசமும் கைகழுவுதலும் தொடர வேண்டும், கூட்டம் சேரக் கூடாது, உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இருக்க வேண்டும், ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்றது. நடுவில் 'எனினும்' என்று ஒரு சொல்.

அவள் முதல் தடவை படித்ததும், இன்னும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருக்கட்டும், கேட்கிறவர்களுக்குக் கடைக்குப் போக ஆசை வர வேண்டும் என்றார் வணிகத் துறைக்காரர். அவள் சிரித்துப் படித்தாள். டாக்டரம்மா அந்தப் பக்கமிருந்து பேசுவதற்கான பொத்தானை அழுத்தி, இப்படிச் சிரித்தால் எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், முடியவில்லை என்றார். அவள் சிரிக்காமல் படித்தாள். இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது என்றார் வணிகத் துறைக்காரர். முதல் பாதியைச் சிரித்தும் இரண்டாம் பாதியைச் சிரிக்காமலும் படிக்கச் சொன்னார்கள். ஒரே மூச்சில் முகத்தை மாற்ற அவளுக்கு வரவில்லை. கடைசியில் ஒலிப்பதிவாளர் ஒரு வழி சொன்னார். இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டிவிடலாம்.

ஒட்டலாம், சரி. 'எனினும்' யார் பாதியில் சேரும்? அது வந்தால் என் பாதி கெட்டுவிடும் என்றார் வணிகத் துறைக்காரர். அது இல்லாமல் என் பாதி தொடங்காது, ஆனால் சிரிப்போடு சொன்ன 'எனினும்' எனக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆகவே 'எனினும்' தனியாகப் பதிவு செய்யப்பட்டது. சிரிப்பும் இல்லாமல், பயமும் இல்லாமல், எந்தத் துறையையும் சேராமல் அந்த ஒரு சொல்லை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதற்கு அர்த்தமே இல்லாமல் போய், ஏதோ ஒரு மருந்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தைத் தாண்டியது. போன் நிறுவனங்கள் அரை நிமிடத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. ஏதாவது ஒரு வரியை எடுக்க வேண்டும். ஜன்னல் வரியை எடுங்கள் என்றார் வணிகத் துறைக்காரர். குளிர்சாதனம் போட்ட கடைக்காரர்கள் வீணாகக் கோபித்துக்கொள்வார்கள். கைகழுவுவதை எடுக்க முடியாது, கிருமிநாசினி கிடங்கு கிடங்காக வாங்கி வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். டாக்டரம்மா மூக்குத் தழும்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "இருக்கிறதுலயே உருப்படியான வரி அதுதான் சார்" என்றார் மெதுவாக. ஆனால் அவருடைய துறைத் தலைவர் போனில் சரி என்று சொல்லிவிட்டதால், ஜன்னல் போய்விட்டது.

புதிய அறிவிப்பு ஊரெங்கும் ஒலித்தது. ஆளாளுக்குத் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அதான் அந்த அம்மாவே சொல்லிட்டாங்களே என்றார். அவர் எதிரில் நின்றவர் கவசத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, அதே அம்மாதான் போடவும் சொல்லியிருக்காங்க என்றார். இரண்டு பேரும் அவள் குரலைச் சாட்சிக்கு இழுத்து அடித்துக்கொள்ளாத குறை. அவள் டீ கேட்க வாயைத் திறக்காமல், விரலால் ஒன்று என்று காட்டி வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் கணவர், என் சினேகிதர்கள் வரலாமா கூடாதா, நீயே சொல்லிவிடு என்றார். எனக்கெப்படித் தெரியும், நான் படிக்கத்தானே செய்தேன் என்று அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளுக்குக் குழப்பமே இல்லை. உற்றார் உறவினரைச் சந்திக்கலாம். அந்த வார விடுமுறையில் நல்ல முகக்கவசமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அப்பா வீட்டுப் படியேறினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் படிகள். இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. கதவு திறக்கவில்லை.

"அப்பா, நான்தான்."

"தெரியுது. கூடைய இறக்கறேன், கீழ போய் நில்லு."

"இனிமே கூடை வேண்டாம்பா. நேர்ல பார்க்கலாம்னு சொல்லியாச்சு. கேக்கலயா நீங்க?"

"கேட்டேன். நீ மறுபடியும் கேளு."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா விளக்கினார். அவர் குரலில் ஒரு உற்சாகம்கூட இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தன் தொழிலைப் பற்றிப் பேச அவருக்கு வாய்த்த முதல் சந்தர்ப்பம் அது. எத்தனையோ ஆணைகளைத் தட்டியிருக்கிறேன், 'எனினும்' என்று ஒரு வார்த்தை வந்தால் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் ஜோடனை, பின்னால் இருப்பதுதான் ஆணை என்றார். ஊதிய உயர்வு வழங்கப்படும், எனினும். வீட்டு மனை ஒதுக்கப்படும், எனினும். அதை நம்பி யாராவது வீடு கட்டிப் பார்த்திருக்கிறாயா?

"இது அப்படி இல்லப்பா. முன்னாடி இருக்கிறதும் உண்மை, பின்னாடி இருக்கிறதும் உண்மை. ரெண்டும்தான்."

"அதெப்படிம்மா ரெண்டும் இருக்கும்?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் கதவைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. நான் என்ன வெளியாளா என்று மட்டும் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, மகளைத் தவிர என்று முதல் அறிவிப்பில் நீ சொல்லவில்லையே என்றார். அவர் வேண்டுமென்று மனதை நோகடிக்கவில்லை. எழுத்தில் இல்லாததை அவரால் சேர்த்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். கூடை வந்தது. வைத்தாள்.

அன்றைக்கு முழுவதும் அவளுக்கு ஆற்றாமை அடங்கவில்லை. என் பேச்சைக் கேட்காத அப்பா, என் குரலைக் கேட்கிறார். அப்படியானால் அந்தக் குரலிலேயே சொல்லிவிட்டால் என்ன? மறுநாள் நிலையத்தில் ஒலிப்பதிவாளரைத் தனியாகப் பிடித்தாள். அவர் முதலில் இதெல்லாம் வம்பு என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத மதிய இடைவேளையில் அறையைத் திறந்துவிட்டார். வழக்கமான மணியோசையை முன்னால் போட்டார். அவள் அறிவிப்புக் குரலில் பேசினாள். "இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தட்டச்சரின் கவனத்திற்கு. தங்கள் மகள் முகக்கவசம் அணிந்து வந்து, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, தங்களைச் சந்திக்கலாம். தயவுசெய்து கதவைத் திறக்கவும்." இதோடு எழுதி வைத்தது முடிந்தது. அவள் வாய் தானாக இன்னொரு முறை "தயவுசெய்து" என்றது. அதை வெட்டிவிடலாமா என்று ஒலிப்பதிவாளர் கண்ணாடி வழியாகச் சைகை செய்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அன்று மாலையே அப்பாவின் போனுக்கு அதை அனுப்பினாள், தன் எண்ணிலிருந்து இல்லாமல் ஒலிப்பதிவாளரின் எண்ணிலிருந்து. கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். குரலில் பரபரப்பு.

"எனக்கு ஒரு போலி வந்திருக்கும்மா. அச்சு அசல் உன் குரல் மாதிரியே எவளோ பேசியிருக்கா. நீ ஜாக்கிரதையா இரு."

போலி என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"அரசாங்கம் ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை தயவுசெய்துன்னு சொல்லாதும்மா. அந்த ரெண்டாவது தயவுசெய்துல அழற மாதிரி வேற இருந்தது. உன் குரல்னா இப்படியா இருக்கும்?"

"அப்பா, அது நான்தான்."

மறுமுனையில் அவர் போனைக் காது மாற்றி வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "நீ எதுக்கும்மா என்கிட்ட அப்படிப் பேசப்போறே?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஆமாம், போலிதான் என்றாள். நினைச்சேன் என்றார் அப்பா திருப்தியாக. பொய்ச் செய்திகளைப் புகார் செய்யும் எண்ணுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

அந்தப் புகார் துறை துறையாக ஏறி இறங்கி, நிலைய இயக்குநரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவர் அவளையும் ஒலிப்பதிவாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஒலிப்பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. தன் எண்ணிலிருந்து போனதை எப்போது கண்டுபிடிப்பார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் இயக்குநருக்கு எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. இந்தக் குரலைக் கேட்டீர்களா, சாயல் இருக்கிறது, ஆனால் உங்களிடம் இருக்கிற அந்த உறுதி இதில் இல்லை, யாரோ தேர்ந்த மோசடிக்காரி என்று அவளிடம் சொன்னார். பாவம் ஒரு வயதானவர், அவரைக் கதவைத் திறக்கவைத்து என்ன செய்ய நினைத்தாளோ. மேலிடம் மிகவும் கவலைப்படுகிறது. போலி அறிவிப்புகளை நம்ப வேண்டாம் என்று உடனே ஓர் அறிவிப்பு வேண்டும். உங்கள் குரலில்.

அவள் போய் உட்கார்ந்து படித்தாள். "எமது குரலைப் போன்றே ஒலிக்கும் போலி அறிவிப்புகள் உலவுகின்றன. அவற்றை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள்." ஒரு தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. சிரிக்கவோ பயமுறுத்தவோ யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கட்டை விரலை உயர்த்தினார்.

அது ஒலிபரப்பான அன்றே அப்பா கூப்பிட்டார். "பார்த்தியா, என் புகாருக்கு நடவடிக்கை எடுத்திருக்காங்க" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நீ படிச்சது நல்லா இருந்தது. இதுதான் உன் குரல்." பிறந்ததிலிருந்து அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். போன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் படியேறுவதை விட்டுவிட்டாள். கூடை இறங்கியது, ஏறியது. ஊர் ஒரு மாதிரியாக இயல்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கணவரின் சினேகிதர்கள் வந்து, மொட்டைமாடியில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போதும்போலச் சீட்டாடிச் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா மட்டும் அசையவில்லை.

அவரை அசைத்தது அரசாங்கமும் இல்லை, அவளும் இல்லை. ஒரு கடைவாய்ப் பல்.

ஒரு நாள் காலை அவர் கூப்பிட்டபோது, அறிவிப்பைக் கேட்கப் பொறுமை இல்லாமல் முதல் தடவையாகப் பொத்தானை அழுத்தித் தாண்டியிருந்தார். பேச்சு சரியாக வரவில்லை. முந்தின நாளிலிருந்தே வலியாம். கிராம்பை வைத்துப் பார்த்தாராம், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தாராம். டாக்டரைக் கேட்டு வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா என்றார். தடுப்பூசி வீட்டுக்கு வரும், பல் பிடுங்குகிற நாற்காலி வராது என்றாள் அவள். அப்பா போனிலேயே முனகினார். சரி, கீழே வருகிறேன் என்றார்.

அவள் போய்ச் சேரும்போது அவர் ஏற்கெனவே தெருவில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மழையே இல்லாத நாளில் மழைக்கோட்டு, கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் உறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம், அதற்கும் மேலே அம்மாவின் பழைய கருப்புக் கண்ணாடி. பால்கனியில் நிமிர்ந்து தெரிந்தவர், பக்கத்தில் பார்த்தால் அவள் தோளுக்குத்தான் இருந்தார். எப்போது இப்படிச் சிறுத்துப்போனார் என்று நினைத்தாள். இவ்வளவு காலமும் தான் அண்ணாந்தே பார்த்து வந்ததில் அது தெரியவே இல்லை. கிட்டே போகப் பார்த்தாள். அவர் மஞ்சள் கையை உயர்த்தி, அங்கேயே நில் என்றார். இரண்டு பேரும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாகப் பல் மருத்துவமனைக்கு நடந்தார்கள்.

பல் மருத்துவர் இளம் வயதுக்காரர். அறையில் ஜன்னல்கள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. ஒரு ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும்படி மின்விசிறியைத் திருப்பி வைத்திருந்தார். ஒருவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தவரை உள்ளே விட்டார். இதெல்லாம் எந்த அறிவிப்பில் வந்தது என்று அப்பா கேட்டார். எதிலும் வரவில்லை, நாள் முழுக்க மற்றவர் வாய்க்குள்ளேயே இருக்கிறவன் நான், என் உயிர் எனக்குப் பெரிதில்லையா என்றார் மருத்துவர். அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கவசத்தைக் கழட்டி வாயைத் திறங்க."

அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலமும் எந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றாரோ, அதைவிடப் பெரிய கதவை அல்லவா திறக்கச் சொல்கிறார்கள். மேல் கவசத்தைக் கழற்றினார். கீழ்க் கவசத்தைக் கழற்றினார். தாடி வெள்ளையாக வளர்ந்து கிடந்தது. வாயைத் திறந்தார்.

ஊசி போட்டு மரத்துப்போவதற்காக மருத்துவர் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கருவிகளைக் கொதிக்க வைக்கப் போனார். அவள் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் பாதி வாய் மரத்துவிட்டது. ஏதோ சொல்ல வந்து, வழவழவென்று வந்ததால் விட்டுவிட்டார். அவர் பதில் பேச முடியாத ஒரு நேரம் அவளுக்கு வாய்த்தது அதுவே முதல் தடவை.

அவள் பேசினாள். அறிவிப்புக் குரலில் இல்லை. வாரா வாரம் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்துவிட்டது என்றாள். டாக்டர் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்றாள். அந்த இரண்டாவது தயவுசெய்து எழுதி வைத்தது இல்லை, தானாக வந்தது என்றாள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அறிவிப்பின்மேல் பழி போடாதீர்கள் என்றாள். ரெண்டும் உண்மைதான்பா, வெளியே வரவும் வேண்டும், பார்த்தும் இருக்க வேண்டும், அதற்கு நல்ல ஒரு வார்த்தை யாருக்கும் கிடைக்கவில்லை, அதனால் எதையோ போட்டு ஒட்டிவிட்டோம் என்றாள். சொல்லிக்கொண்டே போனவள், தான் அழுவதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா மஞ்சள் உறையைக் கழற்றி மடியில் வைத்தார். வாய் கோண, கஷ்டப்பட்டு, எழுத்து எழுத்தாக ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். "எனக்கும்" என்றார் என்று அவளாக ஊகித்துக்கொண்டாள். கழுத்து வலியைச் சொன்னாரா, பயத்தைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் மருத்துவர் இடுக்கியோடு வந்துவிட்டார்.

பல் போனதோடு அப்பாவின் வைராக்கியமும் போயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் அவள் படியேறிப் போனபோது கதவு திறந்தது. உள்ளே இரண்டு நாற்காலிகளை அறையின் இரண்டு மூலையில் போட்டிருந்தார். பால்கனிக் கதவும் அடுப்படி ஜன்னலும் திறந்து, காற்று வீட்டைக் குறுக்கே ஊடுருவிக்கொண்டு போனது. அவளுக்கு ஒரு பீங்கான் கோப்பையில் டீ வைத்துவிட்டு, தன் டீயோடு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பல் போன இடத்தில் சூடாக எதுவும் படக் கூடாது, இன்னும் சில நாளைக்கு மெல்லுவது கூடாது, அந்த ரத்த அழுத்த மாத்திரையை மட்டுமாவது தவறாமல் போட வேண்டும் என்று ஆரம்பித்தாள். அப்பா அதற்குள், அந்தப் பையன் பல்லை இடது பக்கமாகத் திருகியிருக்கக் கூடாது, வலது பக்கமாகத் திருகியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவள் சொன்ன எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பேசிக்கொண்டே சூடான டீயை எடுத்துக் குடித்தார்.

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, அதற்கப்புறம் அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்டாள்.